ட்ரூக்கோ ஆட்டத்தில் கணினியிடம் பொய் எடுபடுமா?

கேட்டவரின் மனக்குறை இது: இரண்டு பேர் ஆடும் அர்ஜென்டினா ட்ரூக்கோ என்ற சீட்டாட்டத்தைச் சில மாதங்களாகக் கணினிக்கு எதிராக ஆடிவருகிறார். வெறுங்கையோடு துணிந்து சவால் விட்டால் கணினி தயங்காமல் ஏற்றுக்கொள்கிறது. அருமையான சீட்டுகள் வந்து சவால் விட்டால் மரியாதையாகப் பின்வாங்கிவிடுகிறது. கணினி அவருடைய சீட்டை எட்டிப் பார்க்கிறதா, பார்க்கவில்லை என்றால் அதை எப்படித்தான் வெல்வது?

பெரும்பாலும் பார்ப்பதில்லை. "பெரும்பாலும்" என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். பொழுதுபோக்காக இப்படியொரு நிரலை எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எதிராளியின் மூன்று சீட்டும் அதே நினைவகத்தில், ஒரு வரி தள்ளி இருக்கும். நேர்மையாக யோசிக்கும் ஆட்டக்காரரை எழுதுவது கடினம். எட்டிப் பார்ப்பவரை எழுத அரைமணி நேரம் போதும். சோம்பேறி நிரலர்கள் உலகில் உண்டு. ஆனால் உங்கள் அனுபவத்தை விளக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காரணம் நீங்கள் சவால் விடும் நேரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஸ்பானியச் சீட்டுக்கட்டில் எட்டும் ஒன்பதும் நீக்கி 40 சீட்டு. வாள், தடி, பொற்காசு, கோப்பை என்று நான்கு இனம். ஆளுக்கு மூன்று சீட்டு. ஆளுக்கு ஒரு சீட்டு போட்டு, பெரிய சீட்டைப் போட்டவர் வெல்வது ஒரு பிடி. மூன்று பிடியில் இரண்டைப் பிடித்தவருக்குச் சுற்று. சீட்டுகளின் வரிசை முதலில் தலையைச் சுற்றவைக்கும். வாள் ஏஸ்தான் உச்சம். அடுத்துத் தடி ஏஸ், பிறகு வாள் ஏழு, பொற்காசு ஏழு. அவற்றுக்குக் கீழே மூன்றுகள், இரண்டுகள், மிச்ச இரண்டு ஏஸ்கள், படச்சீட்டுகள், மிச்ச இரண்டு ஏழுகள், ஆறு, ஐந்து, கடைசியில் நான்கு. சுற்றின் மதிப்பு 1 புள்ளி. யாராவது "ட்ரூக்கோ" என்று சொல்லி மற்றவர் ஏற்றால் 2. ஏற்றவர் திருப்பி "ரெட்ரூக்கோ" என்றால் 3. அதற்கும் மேலே "வாலே குவாத்ரோ" என்றால் 4. ஏற்காவிட்டால் அதுவரை இருந்த மதிப்பைச் சவால் விட்டவர் எடுத்துக்கொள்வார். இதற்கிடையில், முதல் சீட்டைப் போடுமுன் "என்விடோ" என்று, யாருடைய எண் பெரியது என்பதன் மேல் இன்னொரு பந்தயம் கட்டலாம். ஒரே இனத்தில் இரண்டு சீட்டு இருந்தால் அவற்றைக் கூட்டி 20 சேர்க்க வேண்டும். படச்சீட்டுக்கு மதிப்பு சுழியம். எனவே உச்ச எண் 33. பொதுவாக 30 புள்ளிக்கு ஆடுவார்கள்.

இனி நேரத்தைப் பற்றி. மோசமான சீட்டு வந்தால் என்ன செய்கிறீர்கள்? முதல் பிடியை இழக்கிறீர்கள், சுற்று கைநழுவுவதைப் பார்க்கிறீர்கள், அப்போது வேறு வழியின்றிக் குரலை உயர்த்துகிறீர்கள். நல்ல சீட்டு வந்தால்? முதல் பிடியை வென்று, கையில் இன்னொரு பெரிய சீட்டு இருக்கும் தெம்பில் சவால் விடுகிறீர்கள். கணினியின் பக்கமிருந்து பாருங்கள். முதல் நிலையில் அது ஏற்கெனவே ஒரு பிடி முன்னால் இருக்கிறது. இன்னும் ஒன்று போதும். சமன் வந்தாலும் முதல் பிடியை வென்றவருக்கே சுற்று. அது ஏற்காமல் என்ன செய்யும்? இரண்டாவது நிலையில் அது மிச்ச இரண்டு பிடியையும் வென்றாக வேண்டும். பின்வாங்காமல் என்ன செய்யும்? உங்கள் சீட்டைப் பார்க்காமல், பிடிக் கணக்கை மட்டும் பார்த்தே அது சரியாக முடிவெடுத்துவிடுகிறது. மனிதர்களும் இதே தடயத்தைத்தான் பார்க்கிறார்கள். அவர்கள் சில நேரம் பயந்துவிடுகிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு.

ஆகவே முதல் மாற்றம் இது. பொய்ச்சவாலை முதல் பிடியை வென்ற பிறகு விடுங்கள். கோப்பை மூன்று, தடி ஐந்து, வாள் நான்கு என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றைப் போட்டு முதல் பிடி கிடைத்துவிட்டால், கையில் இருப்பது இரண்டு குப்பைச் சீட்டு. அந்தக் கணத்தில்தான் ட்ரூக்கோ சொல்ல வேண்டும். கணினியிடம் நடுத்தரமான சீட்டு இரண்டு இருந்தால்கூட, உங்கள் கையில் ஒரு ஏழு இருக்கலாம் என்ற கணக்கில் அது விலகக்கூடும். மறுபுறம், வாள் ஏஸும் தடி ஏஸும் ஒன்றாக வந்தால் அவசரப்படாதீர்கள். மூன்றாவது சீட்டான குப்பையை முதலில் போட்டுப் பிடியை விட்டுக்கொடுங்கள். பின்தங்கியவரின் புலம்பல்போல ஒலிக்கும் ட்ரூக்கோவை அப்போது சொல்லுங்கள். "ஏமாந்தான்" என்று கணினி நினைக்காது. அதன் கணக்கு அப்படி விழும், அவ்வளவுதான். விளைவு ஒன்றே.

எட்டிப் பார்க்கிறதா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லையென்றால் சோதித்துவிடலாம். ஒரே நிலையில், எடுத்துக்காட்டாக இரண்டு பேரும் ஒரு சீட்டுகூடப் போடாத தொடக்கத்தில், 100 முறை ட்ரூக்கோ சொல்லுங்கள். பாதி முறை நல்ல சீட்டோடு, பாதி முறை குப்பையோடு. ஏற்றதா விலகியதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நேர்மையான நிரல் இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் ஏற்கும். 50, 50 என்ற அளவில் தற்செயலாகவே பத்துப் பதினைந்து சதவீதப் புள்ளி ஏறி இறங்கும். அதைப் பெரிதுபடுத்தக் கூடாது. குப்பைக்கு 80 சதவீதம் ஏற்பு, நல்ல சீட்டுக்கு 40 சதவீதம் என்று வந்தால் அந்த நிரலைத் தூக்கி எறியுங்கள். எழுதி வைக்காமல் நினைவை நம்புவதில் பயனில்லை. பிடிபட்ட பொய் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிடும். எடுபட்ட பொய்யை நம் திறமை என்று எண்ணி மறந்துவிடுவோம்.

சரி, எத்தனை முறை பொய் சொல்லலாம்? இதற்குத் துல்லியமான பதில் இருப்பதுதான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ட்ரூக்கோவை மறுத்தால் 1 புள்ளி நட்டம். ஏற்றால் 2 வரலாம் அல்லது 2 போகலாம். நான்கில் ஒரு முறை வெல்ல முடிந்தாலே ஏற்பதும் மறுப்பதும் சமம்: நான்கு சுற்றில் ஒன்றை வென்று மூன்றை இழந்தால் 4 புள்ளி நட்டம், நான்கையும் மறுத்தாலும் 4 புள்ளி நட்டம். ரெட்ரூக்கோவுக்கு இந்த எல்லை ஆறில் ஒன்று, வாலே குவாத்ரோவுக்கு எட்டில் ஒன்று. பலர் "பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தால்தான் ஏற்பேன்" என்று ஆடிப் புள்ளிகளை வாரி வழங்குகிறார்கள். மேலே போகப் போக மறுப்பதற்கான காரணம் குறைகிறது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், கணக்கு அதுதான். மறுபடி உயர்த்தும் உரிமையை இந்த எல்லைகளில் சேர்க்கவில்லை. ஏற்றவருக்கே அந்த உரிமை என்பதால், சேர்த்தால் ஏற்பது இன்னும் கொஞ்சம் சாதகமாகும்.

இதை மறுபக்கம் திருப்பினால் பொய்யின் அளவு கிடைக்கும். கடைசிச் சீட்டில் நீங்கள் விடும் சவால்களில் நான்கில் ஒன்று பொய்யாக இருந்தால், நடுத்தரச் சீட்டோடு இருக்கும் எதிராளிக்கு ஏற்பதா விடுவதா என்பதில் எந்த லாபமும் இல்லாமல் போகும். ஹரால்டு குன் என்ற கணிதவியலாளர் 1950இல் மூன்றே சீட்டு கொண்ட ஒரு பொம்மை ஆட்டத்தை வைத்து இதைக் காட்டினார். ராஜா, ராணி, ஜாக்கி. ஆளுக்கு ஒரு சீட்டு. ஆளுக்கு ஒரு காசு நடுவில். ஒரே ஒரு காசு மேலே கட்டலாம். முதலில் ஆடுபவர் ராஜாவோடு எத்தனை முறை கட்டுகிறாரோ அதில் மூன்றில் ஒரு பங்கு ஜாக்கியோடும் கட்ட வேண்டும் என்பது விடை. மூன்று உண்மைக்கு ஒரு பொய். விலகினால் ஒன்று, ஏற்றால் இரண்டு என்பதால் ட்ரூக்கோவின் கடைசிச் சீட்டுக்கும் அதே எண்கள் அச்சாகப் பொருந்துகின்றன. அந்த ஆட்டத்தில் இருவரும் பிழையின்றி ஆடினால், முதலில் ஆடுபவர் சுற்றுக்குச் சராசரியாகப் பதினெட்டில் ஒரு பங்கு காசு இழப்பார். பிழையின்றி ஆடும் எதிராளியிடம் பொய் சொல்வதால் அந்த இழப்பு நீங்காது, குறையவும் குறையாது. பொய்யிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் கணினியை அளக்கவும் இதே கணக்கு உதவும். குப்பையோடு வாய்மூடி இருந்தாலும் சுற்று தோற்று 1 போகத்தான் போகிறது. பொய்ச்சவால் எடுபட்டால் 1 வரும், பிடிபட்டால் 2 போகும். எனவே மூன்றில் ஒரு முறை கணினி விலகினாலே நட்டம் இல்லை. அது மூன்றில் இரண்டுக்கு மேல் ஏற்கும் ரகம் என்றால் பொய்யை அடியோடு நிறுத்திவிட்டு, பாதிக்கு மேல் வெல்லும் எல்லாச் சீட்டோடும் சவால் விடுங்கள். அதைவிடக் குறைவாக ஏற்கும் கோழை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பொய் சொல்லுங்கள். மனிதரிடம் இரண்டு சுற்றுக்கு மேல் இது செல்லாது, அவர் சுதாரித்துக்கொள்வார். எளிய நிரல் நூறாவது சுற்றிலும் அதே ஆள்தான்.

என்விடோவில் மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். அங்கே வாய்மூடி இருந்தால் எதுவும் போகாது. எடுபட்டால் 1 வரவு, பிடிபட்டால் 2 செலவு என்பது மாறாததால், மூன்றில் இரண்டு முறை எதிராளி விலகினால்தான் பொய் கட்டுப்படியாகும். ட்ரூக்கோப் பொய்யைவிட என்விடோப் பொய் இரு மடங்கு விலை உயர்ந்தது என்று நான் மனத்தில் வைத்திருக்கிறேன்.

கணினி எப்படித்தான் முடிவெடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கைப்பேசியில் கிடைக்கும் பெரும்பாலானவை விதிப்பட்டியல்தான்: என்விடோ எண் இவ்வளவுக்கு மேலிருந்தால் ஏற்றுக்கொள், இல்லையேல் விலகு, பத்தில் ஒரு முறை பகடை உருட்டிப் பொய் சொல். சற்று மேம்பட்டவை உங்கள் கையில் இருக்கக்கூடிய சீட்டுகளை ஆயிரக்கணக்கில் கற்பனையாகப் பகிர்ந்து, தான் எத்தனை முறை வெல்கிறது என்று எண்ணிப் பார்க்கும். தன்னிடம் மூன்று சீட்டு இருக்க, மிச்ச 37இல் உங்களுக்கு வரக்கூடிய மூவிணைகள் 7,770தான். ஒன்று விடாமல் எண்ணினாலும் ஒரு கணம்கூட ஆகாது. இந்த வகைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. நீங்கள் சவால் விட்டீர்கள் என்ற செய்தியையே அது கணக்கில் எடுக்காது. உங்கள் சீட்டு எப்போதும் குலுக்கல் சீட்டு என்றே நினைக்கும். அதனால் அளவுக்கு மீறி ஏற்கும். உங்கள் கணினி இந்த ரகம் என்பது என் ஊகம்.

மூன்றாவது வகை தன்னோடு தானே கோடிக்கணக்கான சுற்று ஆடி, ஒவ்வொரு முடிவுக்குப் பின்னும் "வேறு மாதிரி ஆடியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்" என்று வருந்தி, அந்த வருத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. 2007இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையை முன்வைத்தார்கள். அதன் வழியில் வந்த செஃபியஸ் என்ற நிரல் 2015இல் இருவர் ஆடும், பந்தயத் தொகைக்கு வரம்புள்ள டெக்சாஸ் போக்கரை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ், பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 20 நாளில் 1,20,000 சுற்று ஆடி வென்றது. பகலில் அவர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை அது இரவில் அடைத்துக்கொண்டது. இவற்றில் எதற்கும் யாரும் பொய் சொல்லக் கற்றுத் தரவில்லை. வருத்தத்தைக் குறைக்கும் கணக்கிலிருந்தே பொய் தானாக முளைத்தது. முகத்தை இறுக்கிக்கொள்வதோ, தயங்குவதுபோல் நடிப்பதோ இல்லாமல் பொய் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதேபோல, திரையில் கணினி "யோசிக்கும்" அந்த இரண்டு நொடியில் பொருள் தேடாதீர்கள். அழகுக்காகச் சேர்த்த தாமதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெரிய சீட்டைப் பற்றிய அச்சத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இருவர் ஆட்டத்தில் 40இல் ஆறு சீட்டுதான் வெளியே வருகிறது. 34 கட்டிலேயே தூங்குகிறது. வாள் ஏஸ் யாராவது ஒருவரிடம் இருக்கும் வாய்ப்பு 15 சதவீதம் மட்டுமே. முதல் நான்கு பெரிய சீட்டில் ஒன்றும் உங்களிடம் இல்லாதபோதுகூட, எதிராளியிடம் அவற்றில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 30 சதவீதம். அதாவது உங்கள் கையில் ஒரு மூன்றாம் எண் சீட்டு இருந்தால், பத்தில் ஏழு முறை அதை எதிராளியால் வெல்லவே முடியாது. நால்வர் ஆட்டத்தில் பழகியவர்கள் இந்த அச்சத்தை இங்கேயும் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

என்விடோ எண் ஒரு பெரிய ஒற்றன். எளிய நிரல்கள் அதை மறந்துவிடும், நீங்கள் மறக்காதீர்கள். எதிராளி 33 என்றால் ஒரே இனத்து ஏழும் ஆறும். 32 என்றால் ஏழும் ஐந்தும். இரண்டிலும் ஒரு குப்பைச் சீட்டு உறுதி. வாள் ஏழும் பொற்காசு ஏழும் உங்கள் கண்ணில் பட்டுவிட்டால் அந்த ஏழும் குப்பைதான். தெரியாதது ஒரே ஒரு சீட்டு. 20 என்றால் இரண்டு படச்சீட்டு. 27 சற்றுக் குழப்பமானது: ஏழும் படமும், ஆறும் ஏஸும், ஐந்தும் இரண்டும், நான்கும் மூன்றும் என நான்கு வழி. ஆனால் முதல் பிடியில் பொற்காசு மூன்றை இறக்கினார் என்றால், அது அந்த இணையில் ஒன்றாக இருக்கும் பட்சத்தில் மற்றது பொற்காசு நான்கு, ஆட்டத்திலேயே மட்டமான சீட்டு. கண்ணாடிபோல் தெரியும் கை அது. இதே காரணத்தால் நீங்கள் தோற்கும்போது உங்கள் எண்ணைச் சொல்லாதீர்கள். "நல்லது" என்று மட்டும் ஒப்புக்கொண்டு நகர விதி இடம் தருகிறது.

ஆட்டத்தின் முடிவில் இன்னொரு வேட்டை இருக்கிறது. பல நிரல்கள் புள்ளிப் பலகையைப் பார்ப்பதே இல்லை. கணினி 29இல் நிற்கும்போது நீங்கள் சுற்றைத் தோற்றாலே ஆட்டம் போய்விடும். 1 போனாலும் 4 போனாலும் ஒன்றுதான். ஆகவே எந்தச் சீட்டோடும் ட்ரூக்கோ சொல்லுங்கள், அது எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இழக்க ஒன்றுமில்லாதவரின் சவாலை நல்ல ஆட்டக்காரர் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார். பலகையைப் பார்க்காத நிரலோ வழக்கம்போல் விலகி, இனாமாக ஒரு புள்ளி தரும். 26இல் இருந்து இப்படியே ஊர்ந்து வந்து வென்ற ஆட்டங்கள் எனக்கு உண்டு. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நால்வர் ஆட்டத்துக்குத் தயாராகத்தான் கணினியோடு ஆடுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அங்கே கூட்டாளிக்குச் சாடை காட்டுவது விதிக்கு உட்பட்டது: வாள் ஏஸுக்குப் புருவத்தை உயர்த்துவார்கள், தடி ஏஸுக்குக் கண்ணடிப்பார்கள், மூன்றுக்குக் கீழுதட்டைக் கடிப்பார்கள். எதிரணி பார்க்காதபோது காட்ட வேண்டும், எதிரணியின் சாடையைத் திருட வேண்டும், கூடவே கதையும் அளக்க வேண்டும். கணினியோடு ஆடிப் பழகியவர்கள் இந்த மேசையில் முதல் நாள் தங்கள் சீட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் கூட்டாளி மூன்று சுற்றாகக் கண்ணடித்துக் களைத்துப்போய், கடைசியில் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.